எட்டாம் பகுதி

அக்டோபர் 14
அப்பாவின் கல்லீரலில் எட்டாம் பகுதியில் ஒரு கட்டி, 1.4 செ.மீ. சி.டி. ரிப்போர்ட்டில் எல்.ஆர்.-3 என்று போட்டிருக்கிறது. புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 1 முதல் 5 வரை போடும் எண் அது, 5 என்றால் புற்று உறுதி. நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ‘மூணுன்னா பாஸா பெயிலால?’ என்றார் அப்பா.

அக்டோபர் 15
நல்ல கல்லீரல் முக்கால்வாசி ரத்தத்தைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையில் வாங்குகிறது. புற்றுக்குத் தமனி ரத்தம்தான் தீனி. அதனால் சி.டி.க்குச் சாய மருந்து ஏற்றியதும் புற்று முதலில் மின்னும், பிறகு சுற்றியிருப்பதைவிட மங்கும். அப்பாவுக்கு மின்னியது, மங்கவில்லை. ப்ரிமோவிஸ்ட் என்ற வேறொரு சாய ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 16
‘பாபநாசம் அணைல எத்தன அடி கெடக்கு?’ அப்பாதான், காலையில் ஒருதரம், ராத்திரி ஒருதரம்.

அக்டோபர் 18
தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். ஊசியில் இருப்பது காடோலினியம் என்ற உலோகம். கல்லீரல் செல்லின் சுவரில் ஓ.ஏ.டி.பி.1பி3 என்றொரு புரதம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். 20 நிமிடத்தில் நல்ல இடமெல்லாம் படத்தில் வெளுத்துவிடும். புற்று செல்லில் பெரும்பாலும் அந்தப் புரதம் குறைந்துபோயிருக்கும், அங்கே கறுப்பாக நிற்கும். ஆக, இந்த மருந்து தேடிப் போவது நல்ல செல்லைத்தான். விடுபட்ட இடத்தைப் பார்த்து நாம் பயப்பட வேண்டும். புற்றையே தேடிப் பிடிக்கும் வகையும் ஆராய்ச்சியில் இருக்கிறது. கிளைபிகன்-3 என்ற புரதம் பெரும்பாலான கல்லீரல் புற்றில் உண்டு, நல்ல கல்லீரலில் அநேகமாக இல்லை. அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடியோடு கதிர் வீசும் சிர்கோனியம்-89ஐச் சேர்த்து பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதெல்லாம் எங்கள் சேரன்மகாதேவிக்கு எப்போது வந்து சேருமோ.
சில புற்றுகள் ப்ரிமோவிஸ்டையும் உறிஞ்சி வெளுத்துவிடுமாம். அப்புறம் எங்கே தூங்க?

அக்டோபர் 19
சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் சரி. காமாலைக்குப் பார்க்கும் பிலிருபின் 1.6. ரொம்பக் கூடினால் மருந்து சரியாக ஏறாது, இது பரவாயில்லை என்றார்கள். அம்மா அவளாகவே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறாள். சத்தம் போட்டேன். போட்டிருக்க வேண்டாம்.

அக்டோபர் 21
பாளையங்கோட்டை. ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னவர்கள் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். கேட்டால், ‘வெயிட் பண்ணுங்க சார்.’ அறுபது கிலோவுக்கு ஆறு மில்லி மருந்து. ‘இம்புட்டுக்கா இம்புட்டு துட்டு?’ என்று ஊசியையே பார்த்தார் அப்பா. மருந்து ஏறியதும், அந்த முதல் மின்னலைப் பிடிக்கும் தமனிப் படம் எடுக்கிற நேரத்தில் மூச்சைப் பிடிக்க முடியவில்லையாம். இந்த ஊசியில் சிலருக்கு அப்படி ஆகும் என்றான் டெக்னீசியன் பையன். முன்னாடியே சொன்னால் என்ன?

அக்டோபர் 22
மழை.

அக்டோபர் 23
தமனிப் படம் கலங்கல். 20 நிமிடப் படத்தில் எட்டாம் பகுதி கறுப்பு. எல்.ஆர்.-4.
அந்தக் கறுப்பை மட்டும் வைத்து 5 என்று உறுதி சொல்லக் கூடாது என்பது விதி. விதி வாழ்க. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும், ஊசி குத்திச் சதை எடுப்பதா என்று அவர்தான் சொல்வார். அப்பாவிடம் நாலு என்றேன். ‘கூடிருக்கு, என்னல?’ என்றார். அப்புறம், கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டாச்சு, திங்கட்கிழமை பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவணும், செவ்வாய் போவோம் என்கிறார். டோக்கன் மாற்ற போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை.