பழைய டிரக்குகளில் காற்றுப் பம்பும் கன்வெர்ட்டரும்

1980களில் அமெரிக்காவில் ஓடிய பெட்ரோல் பிக்கப் டிரக் ஒன்றின் பானட்டைத் திறந்தால், ஆல்டர்னேட்டருக்கும் பவர் ஸ்டீயரிங் பம்புக்கும் அருகில், அதே போலப் பெல்ட்டால் சுழலும் ஒரு காற்றுப் பம்பையும் பெரும்பாலும் காணலாம். பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்பவர்கள் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். எஞ்சினின் வலுவைத் தின்கிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. புகையில் வெளிக்காற்றைக் கலந்து சோதனைக் கருவியை ஏமாற்றுவதற்கென்றே வைத்தது என்பது இன்னொன்று. இரண்டையும் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்தப் பம்பு மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைத் தள்ளுவது. பேரிங் நல்ல நிலையில் இருந்தால் கையாலேயே எளிதில் சுழலும். இரண்டாவதில் ஓரளவு உண்மை உண்டு. புகைக்குழாயின் முனையில் கருவியைச் செருகிச் சதவீதத்தை மட்டும் பார்த்தால், கூடுதல் காற்று அந்த எண்ணைக் குறைத்தே காட்டும். ஆனால் 1972 மாடல்களிலிருந்து புதிய கார்களுக்கான கூட்டரசுச் சோதனையில் புகை முழுவதையும் சேகரித்து, மைலுக்கு எத்தனை கிராம் நச்சு என்றே கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் எவ்வளவு காற்றைக் கலந்தாலும் கிராம் குறையாது, எரித்தால்தான் குறையும்.

எரிப்பதற்குத்தான் பம்பு. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிப் பெட்டியான கன்வெர்ட்டர் வருவதற்கு முன்பே, 1966 மாடல்களில், கலிபோர்னியாவின் விதிகளுக்காக இது வந்துவிட்டது. ஃபோர்டு அந்த அமைப்புக்குத் தெர்மாக்டர் என்று பெயரிட்டிருந்தது. சிலிண்டரிலிருந்து வெளிவரும் புகை வால்வைத் தாண்டும் இடத்திலேயே காற்றைப் பாய்ச்சினால், அந்தச் சூட்டில் மிச்சமிருக்கும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் அங்கேயே ஓரளவு எரிந்துபோகும். 1975 மாடல்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தபோது, பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய அந்த வினையூக்கி இதே எரிப்பைக் குறைந்த வெப்பத்தில் முழுமையாக நடத்தியது. ஆனால் வினையூக்கி ஆக்ஸிஜனை உண்டாக்குவதில்லை. அக்காலக் கார்புரேட்டர் சற்றுப் பெட்ரோல் மிகுந்த கலவையையே கொடுத்தது. அதன் புகையில் எரிப்பதற்குப் போதிய ஆக்ஸிஜன் இருக்காது. அந்தக் குறையைப் பம்பு நிரப்பியது.

சிக்கல் தொடங்கியது புகையிலுள்ள இன்னொரு நச்சான நைட்ரஜன் ஆக்சைடால். அதைப் பிரிக்க ரோடியம் சேர்த்த வினையூக்கி தேவை. அந்த வினைக்கு ஆக்ஸிஜன் குறைவாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஆக்ஸிஜன் வேண்டும், மற்றதற்கு ஆகாது. இதற்கு அக்காலப் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது: ஒரே கூட்டுக்குள் இரண்டு வினையூக்கிப் படுகைகளை முன்னும் பின்னுமாக வைத்து, முன்படுகையில் காற்றில்லாமல் நைட்ரஜன் ஆக்சைடைப் பிரித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் பம்பின் காற்றைச் செலுத்தி, பின்படுகையில் கார்பன் மோனாக்சைடையும் பெட்ரோல் ஆவியையும் எரித்தார்கள். கன்வெர்ட்டரின் நடுவில் பக்கவாட்டாக வந்து சேரும் மெல்லிய குழாயின் வேலை இதுதான்.

ஆகவே காற்று வருகிறதா என்பதோடு, எந்த நேரத்தில் எங்கே போகிறது என்பதும் முக்கியம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கலவையில் பெட்ரோல் மிகுந்திருப்பதால், காற்று புகை வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டின் பக்கம் போகும். அங்கே நடக்கும் எரிப்பு கன்வெர்ட்டரையும் விரைவாகச் சூடாக்கும். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் வினையூக்கி வேலையைத் தொடங்கும் என்பதால் இந்த உதவி பெரிது. எஞ்சின் சூடானதும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி திருப்பு வால்வின் வழியே காற்றைக் கன்வெர்ட்டரின் நடுப்பகுதிக்குத் திருப்பிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கும்போதும், முழுதாக மிதித்து ஓட்டும்போதும் காற்று வெளியே விடப்படும். இல்லையென்றால் முதல் நிலையில் புகைக்குழாய்க்குள் வெடிச்சத்தம் கேட்கும், இரண்டாவதில் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடேறும்.

இந்தத் திருப்பம் பிசகினால் வரும் கேடு, பம்பே இல்லாத கேட்டைவிடப் பெரிது. எஞ்சின் சூடான பிறகும் காற்று ஹெட்டின் பக்கமே போய்க்கொண்டிருந்தால், வழியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அந்த வெளிக்காற்றைப் பார்த்துவிட்டு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மிகுந்த பெட்ரோலும் மிகுந்த காற்றும் சேர்ந்து கன்வெர்ட்டருக்குள் எரிந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் கட்டியே உருகி வழியை அடைத்துவிடும். புதிய கன்வெர்ட்டர் சில மாதங்களில் கெட்டுவிட்டது என்று புலம்புபவர்களிடம், திருப்பு வால்வைச் சோதித்தீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும்.

பழைய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது செக் வால்வை. உள்ளங்கைக்குள் அடங்கும் தகரக் கிண்ணம் போன்ற இது காற்றை உள்ளே விட்டு, புகையைத் திரும்ப விடாமல் தடுப்பது. புகையின் ஈரமும் அமிலமும் பட்டு இதன் தகடு துருப்பிடித்துப்போனால், கொதிக்கும் புகை பின்னோக்கி ஏறி, ரப்பர் குழாயையும் பிளாஸ்டிக் வால்வையும் கடைசியில் பம்பையும் தின்றுவிடும். வண்டி ஆறியபின் பம்பின் பக்கத்து ரப்பர் குழாயைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் போதும்: சுத்தமாக இருக்க வேண்டிய இடத்தில் கரி ஒட்டினாலோ, குழாயின் வாய் விறைத்து வெடித்திருந்தாலோ செக் வால்வு போய்விட்டது என்று பொருள். இந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் அதே வழியில்தான் போகும். ஃபோர்டின் அக்காலக் கணினியில் 44, 45, 46 ஆகிய பழுது எண்கள் இந்த அமைப்பைச் சேர்ந்தவை. அவை வந்தால், திருப்பு வால்வை இயக்கும் மின்காந்த வால்வுகளான சோலனாய்டுகளுக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டுவிட்டது என்று உறுதியானால், காற்றுக்குழாய் இல்லாத பொதுவான ஒன்றை மலிவாக வாங்கிப் பற்றவைத்து, பம்பிலிருந்து வரும் குழாயை மூடிவிடும் சைலன்சர் கடைகள் உண்டு. சட்டப்படி அது தவறு என்பது ஒருபுறமிருக்க, கார்புரேட்டர் வண்டியில் அந்தக் கன்வெர்ட்டருக்கு ஆக்ஸிஜன் கிடைக்க வேறு வழியே இல்லை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கணினி கலவையைச் சரியான அளவுக்கு இருபுறமும் மாற்றி மாற்றிக் கொடுப்பதால் ஓரளவு சமாளிக்கும். ஆனால் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் வரும் பெட்ரோல் நெடி அதிலும் அதிகமாகத்தான் இருக்கும்.