சமைக்க எந்தத் தண்ணீர்?

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமிருந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய் ஃப்ளோரோசிஸ். அதைப் பற்றிய ஆய்வு ஒன்றின் கமிட்டிக்குப் பொதுமக்கள் பிரதிநிதியாக என்னைக் கூப்பிட்டார்கள். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் நிறைய. என் அம்மாவுக்கு இடுப்பை வளைத்துக் குனிய முடியாது. அதனால் உடனே ஒப்புக்கொண்டேன்.

அறிமுகக் கூட்டமெல்லாம் நல்லபடியாகப் போனது. மாட்டிக்கொண்டது அலுவலகத்தில். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதியிருந்தேன். “டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல, உங்களுக்கு எதுக்குங்க கமிட்டி?” என்றார் கிளார்க். துறைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டாராம். என் தக்காளித் தோட்டத்துக்கு யார் துறைத் தலைவர்? ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியிலேயே மருத்துவம் சாராத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் போய்க் காட்டிய பிறகுதான் வாங்கினார். நீங்கள் போனால் முதல் தடவையே அதைக் கையோடு கொண்டு போய்விடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனால் கேள்வித்தாள் ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கிறது. அப்புறம் எங்களிடம் என்ன கருத்து கேட்பது? அதில் ‘குடிநீர் எங்கிருந்து?’ என்று ஒரே கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியதால் எல்லோரும் அதற்குத்தான் டிக் அடிப்பார்கள். ஆனால் எங்கள் பக்கம் பல வீடுகளில் களி கிண்டுவதும் குழம்பு வைப்பதும் போர் தண்ணீரில். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. வெறும் குடிநீரை மட்டும் கேட்டால், உடம்புக்குள் எவ்வளவு ஃப்ளோரைடு போகிறது என்ற கணக்கு எப்படி வரும்?

“அச்சடிச்சாச்சே சார், அடுத்த ஆய்வுல பாத்துக்கலாம்” என்றார் ஓர் இளம் ஆய்வாளர். காரிமங்கலத்திலிருந்து வந்த அக்கா விடவில்லை. “சமைக்கிறவங்களக் கேளுங்க தம்பி. வீட்டுக்காரரக் கேட்டா எல்லாம் ஒகேனக்கல் தண்ணின்னுதான் சொல்வாரு.” சிரித்தார்கள். ஆனாலும் கேள்வி குடிக்க, சமைக்க என்று இரண்டானது. பதிலைச் சமைப்பவரிடமே வாங்குவதென்றும் முடிவானது. சொல்லப்போனால் அது அந்த அக்காவின் வெற்றி.

பஸ் காசும் அன்றைய கூலியும் தருவார்களா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாஸ்புக்கில் இருக்கும் இனிஷியலையே வவுச்சரிலும் போடுங்கள். மாறியிருந்ததால் என்னுடையது திரும்பி வந்து, இன்னும் பணம் வரவில்லை. ஆய்வு முடிவை ஊருக்கு வந்து சொல்ல வேண்டும் என்பதையும் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற்றச் சொன்னேன். தயங்கினார்கள், அப்புறம் ஏற்றினார்கள். அதன் நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள்.