உறை கிழிந்த ஓ றிங்

கட்டாரில், இராணுவப் போக்குவரத்து விமானங்களுக்கும் பயணிகள் விமானங்களுக்கும் பாகம் வைத்திருந்த ஒரு களஞ்சியத்தில் ஒன்பது வருடங்கள் வேலை செய்தேன். இராணுவப் பக்கத்தில் சி-17 தான் எங்கள் பெரிய பொறுப்பு: 77 தொன் வரை சுமக்கும் விமானம், 4 ஜெட் எஞ்சின்கள், 14 ரயர்கள். திருகோணமலைக்கு விடுமுறையில் வரும்போதெல்லாம் உறவினர்கள் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். என் நாட்களில் பாதி, குழாய் இணைப்புகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஓ றிங் என்ற றப்பர் வளையங்களோடு கழிந்தது என்றால் அவர்களுக்குச் சப்பென்று போய்விடும்.

இராணுவப் பக்கத்தில் பாகத்துக்குப் பெயர் கிடையாது, 13 இலக்கங்கள்தான். 5331 என்று தொடங்கினால் ஓ றிங், 2620 என்றால் விமான ரயர். அதற்கடுத்த இரு இலக்கங்கள் அந்த இலக்கத்தை வழங்கிய நாட்டைக் காட்டும்: 01 ஆயின் அமெரிக்கா, 99 ஆயின் பிரித்தானியா. மஞ்சள் அட்டை தொங்கினால் பாவிக்கலாம், பச்சை திருத்தத்துக்கு, சிவப்பு கழிவு.

சேர்ந்த புதிதில், தட்டின் அடியில் உறை கிழிந்து கிடந்த ஓ றிங் ஒன்றைக் கண்டு, அளவும் தடிப்பும் பக்கத்துப் பெட்டியிலுள்ளவற்றோடு பொருந்தியதால் அதற்குள்ளேயே போட்டுவிட்டேன். வீணாகப் போகக்கூடாது என்ற வீட்டுப் பழக்கம். மாலையில் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. களஞ்சியப் பொறுப்பாளரான மட்டக்களப்பு அண்ணன் அதைத் தேடியெடுத்து, "தம்பி, இது எந்த எண்ணெய்க்குள்ள இருக்கிற றிங் எண்டு தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. பாகங்களை அமுக்கத்தால் அசைக்கும் ஹைட்ரோலிக் எண்ணெய் பயணிகள் விமானங்கள் பலவற்றில் வேறு, இராணுவ விமானத்தின் சிவப்பு எண்ணெய் வேறு. ஒன்றுக்குச் செய்த றப்பர் மற்றதில் ஊறிப் பருத்து இளகிவிடும். சி-17 இன் குழாய்களுக்குள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 4,000 இறாத்தல். இரண்டு வளையமும் கறுப்பு, கண்ணுக்கு ஒன்றுதான்; எந்த றப்பர், எந்தக் காலாண்டில் வார்த்தது என்பதை உறை மட்டுமே அறியும். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசாமல், கத்தரிக்கோலால் அதை இரண்டாக நறுக்கிக் கூடைக்குள் போட்டார். முழுதாக எறிந்தால் யாராவது என்னைப்போல் பொறுக்குவார்கள் என்பது அவருடைய கணக்கு.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கை போகவில்லை. திருக்கடலூரில் என் மச்சான் தன் படகு எஞ்சினுக்கு, பழைய பால்மா ரின்னுக்குள் இருபது வருடமாகச் சேர்த்த வாசர்களையும் றிங்குகளையும் கொட்டி, ஒன்றை இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்துத் தெரிந்தெடுத்தார். என் முகத்தைக் கண்டு, "படகு நிண்டால் துடுப்பு இருக்கு மச்சான்," என்றார். விமானத்துக்குத் துடுப்பில்லை என்று நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாததா? மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. விடியற்காலை பாரை மீனோடு கரையேறினார். அவர் வலை உதறிக்கொண்டிருந்தபோது, நான் அந்த ரின்னுக்குள் வெடித்திருந்த றிங்குகளை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தேன்.