பிணைக்கு வந்தவரின் கணக்கு

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் வாடகைக்கு ஓர் இடம் கேட்டு விண்ணப்பித்தபோது, கனடாவில் எனக்குக் கடன் வரலாறு இல்லாதபடியால் பிணையாளி ஒருவர் தேவை என்றார் முகவர். அதில் எனக்கு வியப்பில்லை. யாழ்ப்பாணத்தில் வங்கிக் கடனுக்கு அரச உத்தியோகத்தர்களைத் தேடிப் பிணை நிறுத்திப் பழகியவர்கள் நாங்கள். என்னைத் தைத்தது, பிணைக்கு வருபவரிடம் அவர் கேட்டவைதாம்: வேலைக் கடிதம், சம்பளத் துண்டுகள், வருமானவரி மதிப்பீட்டு அறிவித்தல், முழுக் கடன் அறிக்கை.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, ஒரு சொல்லும் மறுக்காமல் இரவு வேலை முடிந்த கையோடு வந்தார். கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்ட 300 முதல் 900 வரை செல்லும் கடன் புள்ளியில் அவருடையது நல்ல எண்தான். ஆனாலும் முகவர் வீட்டுக் கடன், வாகனக் கடன், கடன் அட்டை நிலுவை என்று வரிவரியாக விரல் வைத்து, இவற்றுக்கு மேல் என் வாடகையையும் இவரால் தாங்க முடியுமா என்று என் கண்முன்னே கணக்குப் பார்த்தார். அந்த நிலுவையில் ஒரு பகுதி, என் அக்காவின் கலியாணத்துக்கு அண்ணா அனுப்பிய காசு. ஊரில் எவருக்கும் அவர் காட்டாத கணக்கு அது.

"என்ர கலியாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிக்கேல்லையடா" என்று வெளியே வந்து அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் மனம் ஆறவில்லை.

வீட்டுக்காரரின் அச்சம் நியாயமானது. வாடகை நின்றால் பிணையாளியையும் கேட்க முடியும். வாடகை ஒப்பந்தத்தில் கூட்டுக் கையொப்பமிட்டவரோ முதல் நாளிலிருந்தே பொறுப்பாளி. ஸ்காபரோ அமைந்த ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத்தின் கீழான 290/98 ஒழுங்குவிதியும் வருமானம், கடன் விபரம், பிணை ஆகியவற்றைக் கேட்க இடமளிக்கிறது. ஆயினும் எல்லா விண்ணப்பதாரரிடமும் கேட்காத பிணையைப் புதிதாக வந்தவரிடம் மட்டும் கேட்கலாகாது என்பதும், கடன் வரலாறு இல்லாமையைக் கெட்ட வரலாறாகக் கொள்ளலாகாது என்பதும் அம்மாகாண மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு.

இன்று எனக்கும் ஒரு புள்ளி உண்டு; இந்த நகரம் பழகிவிட்டது என்றே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மாத முதலாந் திகதி வாடகை கட்டும்போதெல்லாம், "ஆரின்ர மகன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொப்பியில் கடன் எழுதிய ஊர்ச் சந்திக் கடைக்காரர் நினைவில் வந்து நிற்கிறார்.

இப்போது என்னையும் பிணைக்குக் கேட்கிறார்கள், போகிறேன். என் ஆவணங்களை முகவரிடம் நேரே கொடுத்து, இடம் கேட்டு வந்த பிள்ளை வெளியே போன பிறகே பிரிக்கும்படி சொல்கிறேன்.