தோற்காத அணிக்கு எதற்கு இந்தத் தொடர்? கிரீன்வில் நாட்குறிப்பு, மார்ச் 2024

மார்ச் 6, புதன்

எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) மகளிர் கூடைப்பந்துத் தொடர் இன்று எங்கள் ஊரான கிரீன்வில்லில், சவுத் கரோலினா மாநிலத்தில், ஆரம்பம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள், இந்த வருஷக் கணக்குக்கு 14, சேர்ந்த கூட்டமைப்பு இது. ஜனவரியிலிருந்து தங்களுக்குள் ஆளுக்கு 16 ஆட்டம் லீக் ஆடிவிட்டு, மார்ச்சில் எல்லாரும் ஒரே அரங்கில் கூடி நாக் அவுட் ஆடுவார்கள், தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். லீக்கில் கடைசி நான்கு இடத்தில் இருந்தவர்கள் புதனிலிருந்தே ஆடியாக வேண்டும், முதல் நான்கு இடத்துக்காரர்கள் வெள்ளியன்று வந்தால் போதும். ஆக, கடைசி அணிக்குக் கோப்பை வேண்டுமென்றால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம், முதல் நான்கில் இருக்கிற எங்கள் மாநிலத்துப் பல்கலைக்கழகம் சவுத் கரோலினாவுக்கு மூன்றே மூன்று.

ஜெயிப்பவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) தேசியத் தொடரில் நேரடி இடம். அங்கே இந்த வருஷம் மொத்தம் 68 அணிகள், 32 இடம் இப்படிக் கூட்டமைப்பு சாம்பியன்களுக்கு, மீதி 36 தேர்வுக் குழு பார்த்துக் கொடுப்பது. சவுத் கரோலினா 29 ஆட்டம் ஆடி 29ம் ஜெயித்துவிட்டு வருகிறது. அவர்களுக்கு இந்த நேரடி இடம் எதற்கு? இங்கே தோற்றாலும் உள்ளே போவார்கள். ஆபீஸில் ஒருவர் இதைத்தான் கேட்டார், சும்மா காயம் பட்டுக்கொள்ளத்தானே இந்த மூன்று ஆட்டம் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அப்போது சட்டென்று பதிலும் வரவில்லை.

மார்ச் 7, வியாழன்

வேலை. ஸ்கோர் மட்டும் போனில் பார்த்தேன். டென்னசி, கென்டக்கியை வெளியே அனுப்பிவிட்டது.

டென்னசி என்றால் இந்த ஆட்டத்தில் ஒரு காலத்தில் ராஜ்யமே அவர்களுடையது. பாட் சம்மிட் கோச்சாக இருந்து 8 தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2012ல் ஓய்வு பெற்றார், 2016ல் காலமானார். அதற்கப்புறம் அந்த ஆரஞ்சுச் சட்டைக்கு தேசியக் கோப்பை இல்லை. இங்கே இப்போது டான் ஸ்டேலியின் காலம். 2008ல் சவுத் கரோலினா பல்கலைக்கழகம் இருக்கிற கொலம்பியா நகருக்குக் கோச்சாக வந்தார், 2017லும் 2022லும் தேசியக் கோப்பை.

கென்டக்கி பெயரைப் பார்த்ததும் ஆபீஸ் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. 2022ல் இதே தொடரின் இறுதிப் போட்டியில், நாஷ்வில்லில், கென்டக்கி 64-62 என்று சவுத் கரோலினாவைக் கடைசி விநாடிகளில் கவிழ்த்தது. அடுத்த மாதமே ஸ்டேலியின் பெண்கள் தேசியக் கோப்பையைத் தூக்கினார்கள். 2023ல் நேர்மாறு: இங்கே கிரீன்வில்லில் கோப்பை, ஒரு தோல்வி கூட இல்லாமல் தேசிய அரையிறுதி வரை போய், அங்கே அயோவாவிடம் 77-73. உதை வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. இங்கே வாங்கினால் பிழைத்துக்கொள்ளலாம், மார்ச் கடைசியில் வாங்கினால் சீசனே முடிந்தது.

மார்ச் 8, வெள்ளி

மதிய ஆட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மகளோடு போனேன். (பள்ளிக்கு என்ன காரணம் சொன்னோம் என்பது இங்கே வேண்டாம்.) சவுத் கரோலினா 79, டெக்சஸ் ஏ அண்ட் எம் 68. வித்தியாசம் 11தான், இவர்கள் கணக்கில் அது நெருக்கமான ஆட்டம்.

அரங்கம் பற்றி ஒரு சங்கதி. இந்த மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் கான்ஃபெடரேட் கொடி (உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் பிரிந்து போன தென் மாநிலங்களின் கொடி) பறந்த வரைக்கும் என்.சி.ஏ.ஏ. தன் தொடர்களை முன்கூட்டியே இங்கே ஒதுக்குவதில்லை என்று வைத்திருந்தது. 2015 ஜூலையில் கொடி இறங்கிய பிறகுதான் அந்தத் தடை விலகியது. எஸ்.இ.சி. மகளிர் தொடர் 2005க்கு அப்புறம் 2017ல் மறுபடி இங்கே வந்தது, 2019லிருந்து 2022 தவிர எல்லா வருஷமும் இங்கேதான். இன்று அரங்கு முழுக்க சவுத் கரோலினா அணியின் கார்னெட் (கருஞ்சிவப்பு) சட்டையில் கறுப்பினப் பாட்டிமார்கள், பேத்திகளோடு. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒவ்வொரு ஃபவுலுக்கும் நடுவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார்.

மார்ச் 9, சனி

தொண்டை போய்விட்டது. முதலில் சுருக்கம்: சவுத் கரோலினா 74, டென்னசி 73.

ஒரு கட்டத்தில் 23 புள்ளி முன்னிலை. மகள் பாப்கார்ன் வாங்கப் போகலாமா என்று கேட்கிற நிலைமை. அப்புறம் டென்னசி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது, கரைத்துக் கரைத்து கடைசி நிமிஷத்தில் முன்னாலேயே போய்விட்டது. 73-71, கடிகாரத்தில் 1.1 விநாடி பாக்கி, பந்து சவுத் கரோலினாவுக்கு. யாராவது ஒரு கார்டு (கூடைக்குத் தள்ளி நின்று ஆடுகிறவள்) வெளியிலிருந்து எறிவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பந்து போனதோ கமிலா கார்டோசோவிடம். ஆறடி ஏழு அங்குலம், பிரேசில்காரி, கூடைக்குக் கீழேயே நின்று வேலையை முடிக்கிறவள், இந்த நான்கு வருஷ கல்லூரி வாழ்க்கையில் ஒரு த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி எறி) கூடப் போட்டதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தாள், பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. "அம்மா, அவ த்ரீ போடுவாளா?" என்று மகள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை.

பலகையில் பட்டதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். இருக்கட்டும். 23 புள்ளியைத் தொலைத்தது அதிர்ஷ்டக் குறைவு இல்லையே, அதைப் பற்றி ஸ்டேலி இன்றிரவு அவர்களிடம் பேசாமல் விட்டிருக்க மாட்டார்.

இன்னொரு அரையிறுதியில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) 75, ஒலே மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 67. ஆனால் கடைசிக் கால் பகுதியில் எல்.எஸ்.யூ.வின் லாஸ்ட்-டியர் போவா விழுந்து தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அவள் தோழிகள் அழுதுகொண்டே மிச்ச ஆட்டத்தை ஆடினார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய நாள், பாதித் தூக்கத்தில் கிளம்பினோம். சவுத் கரோலினா 79, எல்.எஸ்.யூ. 72. ஆனால் நாளைக்கு யாரும் ஸ்கோர் பேசப்போவதில்லை.

2 நிமிஷம் 8 விநாடி பாக்கி, 73-66 என்று சவுத் கரோலினா முன்னிலை. எங்கள் மிலேசியா ஃபுல்வைலி பந்தைப் பறித்துக்கொண்டு ஓட, எல்.எஸ்.யூ.வின் ஃப்ளாஜே ஜான்சன் வேண்டுமென்றே ஃபவுல் செய்தாள், அப்புறம் எங்கள் ஆஷ்லின் வாட்கின்ஸோடு உரசல், அங்கே கார்டோசோ வந்து ஃப்ளாஜேவை ஒரே தள்ளு, அவள் தரையில். இரண்டு பெஞ்சும் உள்ளே இறங்கியது. பார்வையாளர் பக்கமிருந்து ஒரு ஆள் வேறு மைதானத்துக்குள் குதித்தார். நடுவர்கள் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, கார்டோசோவையும் சேர்த்து ஆறு பேரை வெளியேற்றினார்கள். மற்ற ஐவரும் யாரையும் அடிக்கவில்லை. சண்டை நடக்கும்போது பெஞ்சை விட்டு உள்ளே வந்தால் வெளியேற்றம், அவ்வளவுதான் விதி. கடுமையான விதி, ஆனால் நேற்றைக்கு ஹீரோ இன்றைக்கு வில்லி என்று கத்துகிற கூட்டத்தை நேரில் பார்த்தபோது அது அவசியம்தான் என்று பட்டது.

ஸ்டேலி மைக் கிடைத்த உடனேயே மன்னிப்புக் கேட்டார். கார்டோசோவும் கேட்டுவிட்டாள். எல்.எஸ்.யூ. கோச் கிம் மல்கி, தள்ளியது தங்கள் அணியின் உயரமான ஏஞ்சல் ரீஸையாக இருந்திருந்தால் பரவாயில்லை என்கிற மாதிரி பேசினார். இதில் ஸ்டேலி பக்கம்தான் நான்.

எனக்கு ஆதங்கம் வேறு. பெஞ்சிலிருந்து வந்து 24 புள்ளி எடுத்த ஃபுல்வைலிக்குத் தொடர் நாயகி விருது. முதல் வருஷ மாணவி, இதே கொலம்பியாவில் வளர்ந்த பெண். அவள் டிஃபென்ஸுக்கு நடுவே புகுந்து போன விதத்தைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டிய டிவி, அந்தத் தள்ளலை மட்டும் ஓட்டிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

தேசியத் தொடர் அட்டவணை வந்துவிட்டது. 32-0, மொத்தத்திலும் முதலிடம் சவுத் கரோலினாவுக்கே. சண்டையின் மிச்சம் ஒன்று உண்டு: வெளியேற்றப்பட்டதால் கார்டோசோ முதல் ஆட்டம் ஆட முடியாது. பிப்ரவரியில் அவள் பிரேசில் அணிக்காகப் போயிருந்தபோது கனெடிகட் மாதிரி பலமான அணியையே 83-65 என்று அடித்தார்கள், அதனால் பயம் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

சவுத் கரோலினா 91, பிரெஸ்பிடீரியன் 39. எங்கள் பக்கத்து ஊர் கிளின்டனில் இருக்கிற சின்னக் கல்லூரி அது, பாவம், நாடு முழுக்க இருக்கிற அணிகளில் இதுவா வாய்க்க வேண்டும். கார்டோசோ இல்லாதது தெரியவே இல்லை. ஞாயிறு நார்த் கரோலினாவோடு ஆட்டம், அதற்கு அவள் வந்துவிடுவாள். கேள்வி கேட்ட ஆபீஸ்காரர் இப்போது டிக்கெட் எவ்வளவு என்று விசாரிக்கிறார்.