பென்குயினுக்கு ஒரு கூடு: கேப் டவுன் நாட்குறிப்பு

9 மார்ச் 2025, ஞாயிறு

பெட்டீஸ் பேயிலுள்ள ஸ்டோனி பாயின்ட்டுக்குப் போனேன். ஆப்பிரிக்கப் பென்குயின்கள் கூட்டமாக வாழும் கடற்கரை அது. நல்ல வெயில். பலகைப் பாதையை ஒட்டி, புதர் நிழல் கிடைக்காத ஒரு பென்குயின் வெட்டவெளியில் அடைகாத்துக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து இரைத்தது. கண்ணுக்கு மேலுள்ள வெற்றுத்தோல் செக்கச்செவேலென்று இருந்தது. உடம்புச் சூட்டைத் தணிக்க ரத்தம் அங்கேதான் பாயும். தாங்கமுடியாமல் அது கடலுக்கு இறங்கிவிட்டால் முட்டை போச்சு. வெயில் விட்டாலும் கடற்காகம் விடாது. ஒன்று அருகிலேயே நின்று நோட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஜோடி இன்னும் இரை தேடிவிட்டுத் திரும்பவில்லை.

10 மார்ச்

நேற்றுப் பார்த்தது மனதை விட்டு அகலவில்லை. இந்தப் பறவை வெயிலில் கிடக்கவேண்டிய பறவையே அல்ல. தீவுகளில் காலங்காலமாகக் கடற்பறவை எச்சம் மேடாக இறுகிக் கிடந்தது. அதில் வளை தோண்டித்தான் முட்டையிடும். உள்ளே குளுமை, பாதுகாப்பு. 1840களில் ஐரோப்பிய வயல்களுக்கு உரம் என்று அந்த எச்சத்தை வெட்டத் தொடங்கியவர்கள், கப்பல் கப்பலாக ஏற்றிப் பாறை தெரியும்வரை சுரண்டிவிட்டார்கள். முட்டைகளையும் 1960கள்வரை எடுத்துத் தின்றார்கள். இன்று உலகம் முழுக்க இந்த ஆப்பிரிக்கப் பென்குயின் 10,000 ஜோடிகூட இல்லை. 2024 அக்டோபரில் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது.

19 மார்ச்

நல்ல செய்தி! சூழல் அமைப்புகளும் மீன்பிடித் தொழில்துறையும் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டை நேற்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஆணையாக்கிவிட்டது. ஸ்டோனி பாயின்ட், டயர் தீவு, ராபன் தீவு உட்பட ஆறு வாழிடங்களைச் சுற்றி பென்குயின்களின் இரையான மத்தி, நெத்திலியைப் பிடிக்க 10 ஆண்டுகளுக்குச் சுருக்குமடி வலை போடக்கூடாது. வழக்குத் தொடுத்தவர்கள் பறவைகளைக் காக்கும் பேர்ட்லைஃப் தென்னாப்பிரிக்காவும் கடற்பறவைகளை மீட்டுப் பராமரிக்கும் சான்காப்பும். அவர்களுக்குக் கோடி நன்றி.

13 ஏப்ரல், ஞாயிறு

மறுபடி ஸ்டோனி பாயின்ட். இம்முறை செயற்கைக் கூடுகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பு பல இடங்களில் வைத்த கண்ணாடியிழைக் கூடுகள் நிழல் இல்லாத இடத்தில் உள்ளே கொதித்துப்போயின. இப்போதைய கூடு இரட்டைச் சுவர் கொண்டது. தடித்த துணியில் செராமிக் குழம்பைப் பூசிக் காயவைக்கிறார்கள். வெயிலைத் திருப்பியடிக்க வெளியே வெள்ளைப் பூச்சு, சூடு வெளியேறக் காற்றுத்துளைகள். வாசல் ஒரு பென்குயின் நுழையுமளவுக்குத்தான். உள்ளே ஒன்று படுத்திருந்தது. இரைக்கவில்லை! அலகை மூடிக்கொண்டு சாவகாசமாக என்னைப் பார்த்தது.

கூட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தாயும் தகப்பனும் மாறி மாறி 40 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்கு இரை கிடைக்காவிட்டால் வீடு இருந்து என்ன செய்ய? ஆனால் பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதில், கையால் செய்து உடனே வைக்கக்கூடியது இதுதான். வீட்டில் பேசி ஒரு கூட்டுக்கான பணத்தை அனுப்ப முடிவுசெய்துவிட்டோம்.

ஜூனில் இங்கே அடைமழை. வெள்ளம் புகுந்தால் குஞ்சுகள் நனைந்து குளிரில் செத்துப்போகும். இந்தக் கூடுகள் மழையை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க அப்போது வரவேண்டும்.