எழுதாமல் விட்ட விருந்து

புது விடுதி ஒன்று அழைத்துப் போட்ட அந்தச் சாப்பாட்டைப் பற்றி என் வலைப்பதிவில் நான் எழுதவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள், இலையைப் படம் எடுத்துப் போட்டார்கள், நான் மட்டும் போடவில்லை. எழுதாததற்குக் காரணம் இருந்தது, அது சரியான காரணம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இருந்தாலும் விடுதிக்காக எங்களை அழைத்த தம்பி போனில் சொன்னது மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"உங்களுக்கு நெல்லு தெரியும்னு சொல்லித்தான்க்கா ஓனர்கிட்ட உங்க பேரக் கொடுத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. களைத்துப்போன குரல், பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். "சரிங்க்கா, பரவால்லக்கா" என்று வைத்துவிட்டான். நான்தான் அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கு அழைப்பு எப்படி வரும் என்பது தெரிந்ததுதான். ஓட்டல் திறப்பு, செக்கு எண்ணெய் அறிமுகம், பட்டுச்சேலைக் கண்காட்சி. "வந்துட்டு ரெண்டு வரி போட்டுவிடுங்க" என்பார்கள். மன்னார்குடிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஆறு, வாய்க்கால், விதைப்பு, அறுப்பு என்று எழுதுகிற எனக்கு இவையெல்லாம் ஒத்துவராது, பெரும்பாலும் போவதில்லை. இதற்குப் போனது அழைப்பில் பாரம்பரிய நெல் என்று இருந்ததால். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரமாகப் புதிதாக வந்த விடுதி. டெல்டா சமையல், வாழை இலை, இந்த மண்ணின் அரிசி என்று சொல்லியிருந்தார்கள். இலைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். கத்தரிக்காய் ரசவாங்கி, வாழைப்பூ உசிலி, மணத்தக்காளி வத்தக்குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் தூயமல்லி சாதம்.

தூயமல்லி என்கிற பழைய ரக அரிசியை இலையில் பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. மாப்பிள்ளைச் சம்பா என்றால் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும், கறுப்புக் கவுனி என்றால் கேட்கவே வேண்டாம். தூயமல்லி வெள்ளை, சன்னம். பாலிஷ் போட்ட எந்தச் சன்ன அரிசியையும் அந்தப் பெயரில் வைத்துவிடலாம். எனக்கு இரண்டாவது கவளத்திலேயே ஒரு நெருடல், அவ்வளவுதான். சாதம் கொஞ்சம் அதிகமாக மெத்தென்று இருந்தது. வேறொருவர் சொல்லியிருந்தால் நானே அதை நம்பியிருக்க மாட்டேன்.

சாப்பிட்டதும் ரசவாங்கிக்குப் பக்குவம் கேட்கலாம் என்று பின்பக்கம் போனேன். தரையெல்லாம் கஞ்சி சிந்தி வழுக்கியது. சுவரோரம் 26 கிலோ அரிசிப் பை, வாய்த் தையலைப் பிரித்த நூல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் காலிப் பைகள் மடித்துக் கிடந்தன. எல்லாமே கடைப் பொன்னி. சமையல் அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"பொன்னிதான் பாப்பா. தூயமல்லி கொண்டாறேன்னு சொன்ன ஆளு நேத்து ராத்திரி வரைக்கும் வரல. இத்தன பேருக்கு ஒல வெக்கணும், நான் என்ன பண்றது சொல்லு. நீ பாட்டுக்கு எழுதிடாத."

"எழுத மாட்டேன்க்கா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ரசவாங்கிக்கு மல்லியையும் கடலைப்பருப்பையும் தேங்காயோடு வறுத்து அரைக்கச் சொன்னார், புளியை அளவாக விடச் சொன்னார். குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று புரிய ஆரம்பித்தது. அரிசியைத் தவிர மற்றதையெல்லாம் எழுதியிருக்கலாம். ரசவாங்கி உண்மையிலேயே அருமை. ஆனால் பாரம்பரிய அரிசி விருந்துக்குப் போய்விட்டு அரிசியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காமல் நான் எழுதினால், என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் தூயமல்லி என்றே எடுத்துக்கொள்வார்கள். நடந்ததை அப்படியே எழுதினால் முதல் கேள்வி "யார் சொன்னது?" என்பதாகத்தான் இருக்கும். வந்தவர்களில் அடுப்படிக்குள் போனது நான் ஒருத்திதான், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்கு நிற்கிற அந்த அக்காவுக்கு மறுநாள் வேலை இருக்குமா? பெயரில்லாமல், இடமில்லாமல், "ஒரு விடுதியில்" என்று எழுதலாமா என்றால், அன்றைக்கு அத்தனை பேர் அதே இலையைப் படம் போட்டிருக்கும்போது எந்த விடுதி என்று யாருக்குத் தெரியாது? அதனால் எதையுமே எழுதவில்லை.

பொய் சொல்லவில்லை, யார் பிழைப்பையும் கெடுக்கவில்லை. இதைத்தான் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தம்பி? நிகழ்ச்சி முடிந்ததும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கணக்குக் காட்டுவதுதான் அவன் வேலை. "எழுதிட்டீங்களாக்கா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தான், பிறகு போன் செய்தான். இந்தத் தடவை வேண்டாம் தம்பி என்றேன். சாப்பாடு பிடிக்கலையாக்கா என்றான். நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். "அப்புறம் ஏன்க்கா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அது ஓனர் வரைக்கும் போகாது என்று எனக்கு என்ன நிச்சயம்? அந்த மௌனத்துக்குப் பிறகுதான் அவன் அப்படிச் சொன்னான், நெல் தெரியும் என்றுதான் உங்கள் பெயரைக் கொடுத்தேன் என்று.

அதை இரண்டு விதமாகக் கேட்கலாம். விவரம் தெரிந்தவர் நாலு வார்த்தை எழுதினால் மதிப்பு என்று நம்பிக் கூப்பிட்டேன், நீங்கள் எழுதாததால் எனக்குத்தான் தலைகுனிவு என்பது ஒன்று. இன்னொன்று, இலையில் இருந்தது என்னவென்று அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்க்கிறான் என்பது. முதலாவது என்றால் அவனிடம் காரணத்தையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது. இரண்டாவது என்றால் நான் வாயை மூடிக்கொண்டதே நல்லது. குரலை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எது என்று தீர்மானிக்க முடியவில்லை.

எழுதாமல் போனால் என்ன கெட்டுவிட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். என் வாசகர்கள் எப்படி வந்தவர்கள் என்று தெரிந்தால்தான் இது புரியும். தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி வழியாக ஒருவர் இருவர் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நின்று படித்தவர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குக் கவிதை தேவையில்லை. மேட்டூர் அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, வழக்கமான நாளான ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறப்பார்களா, திறந்த தண்ணீர் ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பைத் தாண்டிக் கடைமடைக்கு எப்போது வரும். இதைத்தான் கேட்டார்கள். 2020-இல் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஜூன் 12-இலேயே திறந்தபோது என்னைவிட அவர்கள்தான் சந்தோஷப்பட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தபோது, குறுவைச் சாகுபடியை விட்டுவிடச் சொல்லலாமா என்று அங்கிருந்து கேட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததை என் கண்ணால் பார்க்காமல் வந்துவிட்டது என்று நான் எழுதியதில்லை.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தது. மறுநாள் ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சிக்னல் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு, எந்த ரோட்டில் மரம் கிடக்கிறது, எந்தத் தெருவுக்கு ஆள் போய் வந்தது, எந்தத் தோப்பில் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை என்று வரிவரியாகப் போட்டேன். வீட்டோடு பேச முடியாமல் தவித்தவர்கள் அதை நம்பினார்கள். அழைப்புகள் வர ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். கடைக்காரர்கள் கேட்பது என் எழுத்தை இல்லை, அந்த நம்பிக்கையை. அதை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நான் எப்படிக் கொடுப்பது?

நெல் திருவிழா ஞாபகம் வருகிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார், வாங்கியவர் மறு வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் கிடையாது. 2018 டிசம்பரில் அவர் மறைவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தது அந்த ஏற்பாட்டினால்தான். கொடுக்கும்போதே திருப்பித் தர வேண்டியது என்ன என்று சொல்லிவிடுவார்கள். விருந்துக்கு அழைப்பவர்கள் அதைச் சொல்வதில்லை. "சும்மா வாங்க" என்பார்கள், மூன்று நாள் கழித்து "எழுதிட்டீங்களா" என்பார்கள்.

சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. விளம்பரங்களுக்கான தரக் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமில்லை, இலவசப் பொருளோ தங்கலோ வாங்கியிருந்தாலும் படிப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். 2022 ஜூலையிலிருந்து இப்படிக் கிடைக்கும் பொருளோ வசதியோ வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் வரிப் பிடித்தமும் உண்டு என்று ஆக்கினார்கள். எழுதினால் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இவ்வளவு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, தெரிந்துகொண்டு, பேசாமல் இருப்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஆரம்பிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார். "தூயமல்லி கொண்டாறேன்னவன் ஏன் வரலன்னு யாராச்சும் கேட்டாங்களா?" அப்பா சாகுபடி செய்வது சி.ஆர். 1009 என்கிற புது ரக நெல், கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு மூட்டைக்குக் காவல் கிடந்து பழகியவர். பழைய ரகத்தில் மகசூல் குறைவு, பயிர் உயரமாகப் போய்ச் சாயும், அரைத்து வைத்த அரிசியை வாங்க ஆள் தேட வேண்டும். அந்த மனுஷன் ஒருவேளை சொன்ன விலை கிடைக்காமல் வராமல் போயிருக்கலாம், மழையில் நெல் காயாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது அந்த விவசாயியைப் பற்றித்தானோ என்று அன்றைக்குத் தோன்றியது. எழுதினாலும் அந்தக் கதை அடுப்படியில் வந்துதான் முடியும். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். முத்துப்பேட்டைக்காரர், கஜா சமயத்திலிருந்து படிப்பவர். லீவுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு நம் அரிசியைக் காட்ட வேண்டும், அந்த விடுதியில் தூயமல்லி போடுகிறார்களாமே, போகலாமா என்று கேட்டிருந்தார். சமையல் நன்றாக இருக்கும், அரிசிக்கு மட்டும் நேராக விளைவிக்கிறவரிடமே போங்கள் என்று பதில் எழுதினேன், இரண்டு விவசாயிகளின் நம்பரும் கொடுத்தேன். பொய் இல்லாத பதில். அவர் "நன்றி சகோதரி" என்று எழுதியதைப் படிக்கும்போது, அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்காமலே போயிருப்பவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எந்த அழைப்பு வந்தாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுகிறேன். என் சாப்பாட்டுக்கு நானே காசு கொடுத்துவிடுவேன், எழுதுவதும் எழுதாததும் என் இஷ்டம், எழுதினால் பார்த்ததை எழுதுவேன், சம்மதமா? சிலர் சரி என்கிறார்கள். பாதிப் பேர் அதற்குப் பிறகு பேசுவதே இல்லை, அதில் வருத்தமும் இல்லை. கூட எழுதுகிற தோழி ஒருத்தி, இதை அன்றைக்கே செய்திருந்தால் இவ்வளவு மனவேதனை இருந்திருக்காதே என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் அன்றைக்கு என் இலைக்கு நான் காசு கொடுத்திருந்தாலும் அந்த அக்கா அதே இடத்தில்தான் நின்றிருப்பார், எழுதிடாதே என்றுதான் சொல்லியிருப்பார், நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.